புத்தகத்த ஓரமா வெச்சுட்டு ஏர்போர்ட்டுக்குப் போன தத்துவ ஆசிரியர்: மைக்கேல் டம்மட், ஒரு நிகழ்வு ஆய்வு

மைக்கேல் டம்மட்னு சொன்னா தத்துவம் படிக்கறவங்களுக்கு ஞாபகம் வர்றது ஃப்ரேகேங்கற ஜெர்மன் தர்க்கவியலாளர், ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம்னா என்னங்கற கேள்வி, கணிதத்தோட அடிப்படை, இதெல்லாம்தான். இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்துல ரொம்பப் பெரிய தத்துவவாதிகள்ல ஒருத்தர்னு சொன்னா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. ஆனா 1960கள் நடுவுல, முப்பத்தொன்பது நாப்பது வயசுல, ஒரு ஆராய்ச்சியாளருக்கு மூளை நல்லா ஓடற காலம்னு சொல்வோமே அந்த நேரத்துல, எழுதிட்டிருந்த பெரிய புத்தகத்த ஓரமா வெச்சுட்டு அவரு கிட்டத்தட்ட நாலு வருஷம் வேற வேலை பாத்தாரு. குடியேறி வந்தவங்களுக்காக கமிட்டி, மனு, கடிதம், போன், ஏர்போர்ட்டுக்கு ஓட்டம். சம்பளம் இல்லாத வேலை, பல்கலைக்கழகத்துல யாரும் கணக்குல எடுத்துக்காத வேலை.

இந்த கேஸ நான் எடுத்துக்கக் காரணம், "படிச்சவங்க சமூக சேவைக்கு வந்தா அவங்க படிப்ப அங்க கொண்டு வரணும்"னு ஒரு நினைப்பு நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு. தத்துவ ஆசிரியர்னா நெறிமுறை பத்தி லெக்சர் குடுக்கணும், டாக்டர்னா மருத்துவ முகாம் போடணும், இப்பிடி. டம்மட் கதைய ஒழுங்கா தொடர்ந்து பாத்தா அவரு அந்த வேலைக்குக் கொண்டு வந்ததுல முக்கியமானது படிப்பே இல்ல, நேரம். படிப்பும் பதவியும் பயன்பட்ட எடம் உண்டு, அது பின்னாடி வருது, ஆனா மொதல்ல வந்தது நேரம்தான்.

அவரு பொறந்தது 1925 ஜூன் 27, லண்டன்ல. ஃப்ரேகே செத்தது அதே வருஷம் ஜூலை 26. ஒருத்தரோட சிந்தனைய வாழ்நாள் பூரா தோண்டப் போற ஆளு, அவரு போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி வந்து சேந்திருக்காரு. 1944ல, இன்னும் இருபது வயசு ஆகல, கத்தோலிக்கரா மாறினாரு, கடைசி வரைக்கும் அந்த நம்பிக்கையிலேயே இருந்தாரு. போர்க் காலத்துல ராணுவம், அதுல இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் போனாரு. மலாயாவுல காலனி ஆட்சிக்காரங்க உள்ளூர் ஜனங்கள நடத்தின விதத்தப் பாத்ததுலேர்ந்துதான் இனவெறி மேல தனக்கு இவ்ளோ வெறுப்பு வந்துச்சுனு பின்னாடி அவரே சொல்லிருக்காரு. அப்புறம் ஆக்ஸ்ஃபோர்ட்ல படிப்பு, 1950ல ஆல் சோல்ஸ் கல்லூரில ஃபெல்லோ, 1951ல ஆன் செஸ்னியோட கல்யாணம். ஆன் பேர ஞாபகம் வெச்சுக்கோங்க, இந்தக் கேஸ்ல அவங்க பங்கு டம்மட் பங்குக்குக் கொஞ்சமும் கொறஞ்சதில்ல, சில எடத்துல அதிகம்.

1955-56ல அமெரிக்காவுல பெர்க்லில ஒரு வருஷம் இருந்தாரு. அப்போ மாண்ட்கமரில, பஸ்ல கறுப்பர்கள ஒதுக்கி வெக்கறத எதிர்த்து, பஸ் புறக்கணிப்புப் போராட்டம் நடந்துட்டிருந்துச்சு. சான் ஃபிரான்சிஸ்கோவுல மார்ட்டின் லூதர் கிங்க சந்திச்சப்போ, பிரிட்டிஷ் ஜனங்களுக்கு இந்தப் போராட்டத்தப் பத்திப் போற செய்தி ஒருதலைப்பட்சமா இருக்குனு கிங் சொல்லிருக்காரு. டம்மட் அதக் கேட்டு வருத்தப்பட்டதோட நிக்கல, மாண்ட்கமரிக்கே கிளம்பிப் போய், கண்ணால பாத்து, தானே ஒரு கட்டுரை எழுதி ஊருக்கு அனுப்புனாரு. அத யாரும் போடல, சுருக்கி ஆசிரியருக்குக் கடிதமா அனுப்பியும் போடல. வெளிவராத ஒரு கட்டுரைக்காக அவ்ளோ தூரம் போயிருக்காரு. பின்னாடி பண்ணதுக்கெல்லாம் வித்து இங்கேயே கெடக்குனு எனக்குத் தோணுது: ஒரு விஷயம் தப்பா நடக்குதுனு தெரிஞ்சா அந்த எடத்துக்கு நேரா போய் நிக்கறது, அதுல தனக்குப் பேரு கெடைக்குமானு பாக்காம.

அன்னைக்கு நெலமை என்ன

இத புரிஞ்சுக்காம அவரு ஏன் ஏர்போர்ட்டுக்கு ஓடினாருங்கறது புரியாது, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

போருக்கு அப்புறம் வெஸ்ட் இண்டீஸ், இந்தியா, பாகிஸ்தான்லேர்ந்து ஆளுங்க பிரிட்டனுக்கு வேலைக்கு வந்தாங்க, வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகள், உள்ள வர்றதுக்கு யாரும் தடுக்க முடியாது. 1962 காமன்வெல்த் குடியேறிகள் சட்டம் வந்து அத மாத்துச்சு, வேலைக்கு வரணும்னா வவுச்சர் வேணும்னு ஆச்சு. 1964 தேர்தல்ல ஸ்மெத்விக் தொகுதில இனவெறிப் பிரச்சாரம் பண்ணியே ஒரு சீட்ட ஜெயிச்சாங்க, அதுலேர்ந்து ரெண்டு பெரிய கட்சியும் குடியேற்றம்னாலே பயப்பட ஆரம்பிச்சிருச்சு. எதிர்க்கட்சியா இருந்தப்போ 1962 சட்டத்த எதிர்த்த அதே லேபர் கட்சி ஆட்சிக்கு வந்து 1965 ஆகஸ்ட்ல ஒரு வெள்ளை அறிக்கை போட்டு வவுச்சர வருஷத்துக்கு 8,500னு கொறச்சுச்சு. அதே வருஷம் இனப் பாகுபாட்டுக்கு எதிரா முதல் சட்டமும் வந்துச்சு, ஆனா அது ஓட்டல், பஸ், தியேட்டர் மாதிரி பொது எடங்களுக்கு மட்டும். வீடு வாடகைக்குக் குடுக்க மாட்டேன், வேலை குடுக்க மாட்டேன்னு தோல் நெறத்தப் பாத்து சொல்றது 1968 வரைக்கும் சட்டப்படி தப்பே இல்ல.

இப்போ ஏர்போர்ட்டுக்கு வருவோம். 1962 சட்டப்படி ஏற்கனவே அங்க இருக்கறவங்களோட மனைவியும் 16 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைகளும் உள்ள வரலாம், அது உரிமை. ஆனா இந்தப் பையன் 16க்குக் கீழயா மேலயா, இவங்க நெசமாவே அவரு மனைவிதானா, இதையெல்லாம் முடிவு பண்றது கவுண்டர்ல உக்காந்திருக்கற இமிக்ரேஷன் ஆபீசர். கிராமத்துல பொறந்த பையனுக்கு பிறப்புச் சான்றிதழ் எங்க இருக்கும்? பதினஞ்சு வயசுனு சொல்லுவான், ஆபீசர் பாத்து பதினெட்டு மாதிரி இருக்குனு சொல்லுவாரு. எலும்ப எக்ஸ்ரே எடுத்து வயசு சொல்ற பழக்கம்கூட அந்த நாட்டு இமிக்ரேஷன்ல ரொம்ப வருஷம் ஓடுச்சு. அப்பன் ஊரு ஒண்ணு சொல்லி, பையன் பதட்டத்துல தம்பி தங்கச்சி எண்ணிக்கைய மாத்திச் சொல்லிட்டா போதும், உறவே பொய்னு ஆயிரும். ரிஜெக்ட் ஆனா அடுத்த ஃப்ளைட்ல திருப்பி அனுப்பிருவாங்க. மேல்முறையீடுனு ஒண்ணு சட்டத்துலயே கெடையாது. அதுக்குத் தனிச் சட்டம் வந்ததே 1969லதான், வில்சன் கமிட்டினு ஒண்ணு 1967ல பரிந்துரை பண்ணி, அதுக்கும் ரெண்டு வருஷம் கழிச்சு.

அதாவது அந்தப் பையன் தடுத்து வெக்கப்பட்ட நேரத்துக்கும் ஃப்ளைட் கிளம்பற நேரத்துக்கும் நடுவுல இருக்கற சில மணி நேரம்தான் எல்லாமே. வெளிய வரவேற்க வந்து நிக்கற அப்பனுக்கு உள்ள என்ன நடக்குதுனே தெரியாது, தெரிஞ்சாலும் யாருகிட்ட பேசறது? அந்த நேரத்துக்குள்ள யாராவது ஒரு எம்.பி.ய புடிச்சு ஹோம் ஆபீஸ்ல, அதாவது உள்துறை அமைச்சகத்துல, பேச வெச்சு திருப்பி அனுப்பறத நிறுத்தணும், பேப்பர் எதுனா கொண்டு வந்து காட்டணும், ஆபீசர்கிட்ட நேருக்கு நேரா வாதாடணும். இதுக்கு ஆளு வேணும், போன் அடிச்சா எடுக்கற ஆளு, கையில இருக்கற வேலைய அப்பிடியே போட்டுட்டு வர்ற ஆளு. ஆக்ஸ்ஃபோர்ட்லேர்ந்து லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட் 70 கிலோமீட்டருக்கும் மேல. டம்மட் பண்ணது இதத்தான்.

என்னென்ன பண்ணாரு

1965ல ஆக்ஸ்ஃபோர்ட்ல இன ஒருங்கிணைப்புக் கமிட்டினு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, டம்மட் தம்பதி ரெண்டு பேரும் அதுக்கு மூலகாரணம். ஆக்ஸ்ஃபோர்ட்னா நமக்குக் கல்லூரிக் கட்டடங்கள்தான் தெரியும், ஆனா ஊருக்குக் கிழக்க கௌலில பெரிய கார் பேக்டரி இருந்துச்சு, வெஸ்ட் இண்டீஸ், இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்கள் அந்தப் பக்கம்தான் வாழ்ந்தாங்க, பஸ்ல வேலை பாத்தாங்க. கல்லூரிக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு உறவும் இல்ல. வீடு கெடைக்கல, வேலைல எடுக்கல, ஸ்கூல்ல பிரச்சனை, இதெல்லாம் வந்து சொல்ற எடமா அந்தக் கமிட்டி ஆச்சு. ஆன் அங்க முழுநேர அலுவலரா வேலை பாத்தாங்க, தினமும் கதவத் தட்டறவங்கள சந்திச்சது அவங்கதான். அந்த நேரத்துல வீட்டுல சின்னப் பசங்க வேற. அவங்களுக்குப் பொறந்தது ஏழு பிள்ளைகள், அதுல ரெண்டு தவறிப் போச்சு.

நாடு தழுவிய அளவுல, 1964 டிசம்பர்ல கிங் நோபல் பரிசு வாங்கப் போற வழில லண்டன்ல தங்கினப்போ, அவரச் சந்திச்சவங்க சேந்து இனப் பாகுபாட்டுக்கு எதிரான பிரச்சாரம்னு ஒரு அமைப்ப தொடங்கினாங்க, சுருக்கமா கார்டு. டேவிட் பிட்ங்கற கிரெனடாவுல பொறந்த டாக்டர் அதுக்குத் தலைவர். டம்மட் அதுலயும் சேந்து தீவிரமா வேலை பாத்தாரு. அப்புறம் 1967ல குடியேறிகள் நலனுக்கான கூட்டுக் கவுன்சில் வந்துச்சு, லண்டன் சவுத்தால்ல இருந்த இந்தியத் தொழிலாளர் சங்கம் அதுக்கு முக்கியமான தூண். ஏர்போர்ட்ல மாட்டறவங்களுக்கு ஒரு நிரந்தர அமைப்பா உதவணும், தெரிஞ்ச ஒருத்தரோட போன் நம்பர நம்பி நிக்கக் கூடாது, அதான் நோக்கம். டம்மட் அதத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர், 1970-71ல அதுக்குத் தலைவராவும் இருந்தாரு. அந்தக் கவுன்சில் இன்னைக்கும் வேலை பாக்குது. அவரு உருவாக்க உதவின எல்லாத்துலயும் எனக்கு இதுதான் பெருசாத் தெரியுது, ஏன்னா ஒரு நல்ல மனுஷன் ஓடி வர்றதுக்கு ஒரு அளவு இருக்கு, அவருக்குக் காய்ச்சல் வந்தா அன்னைக்கு வர்ற ஆளு திரும்பிப் போக வேண்டியதுதான், அமைப்புனா இன்னொருத்தர் போவாரு.

இதுல அவரோட தர்க்கவியல் எங்க பயன்பட்டுச்சு? நேரடியா எங்கயும் இல்லனுதான் நான் சொல்வேன். எந்த வாக்கியமும் ஒண்ணு உண்மை இல்லனா பொய்ங்கற இருமதிப்புக் கொள்கைய ஏத்துக்கணுமா வேணாமானு ஆபீசர்கிட்ட பேச முடியாது. சட்டப் பிரிவ வரி வரியாப் படிக்கற பொறுமை, ஆபீசர் குடுக்கற காரணத்துல ஓட்டை எங்க இருக்குனு கண்டுபுடிக்கற பழக்கம், இதெல்லாம் உதவிருக்கும், அது என் கணிப்பு. அதவிட உதவினது அவரு வெள்ளைக்காரர், ஆக்ஸ்ஃபோர்ட்காரர், பேசுனா மேல்தட்டு இங்கிலீஷ், அவர அவ்ளோ சுலபமா வெளிய போனு சொல்ல முடியாதுங்கறது. இது கேக்க நல்லா இல்ல, ஆனா நெசம் அதுதான், தனக்கு உழைக்காமக் கெடைச்ச ஒரு சலுகைய அது இல்லாதவனுக்காகச் செலவு பண்றதுல தப்பு ஒண்ணும் இல்லங்கறது என் கருத்து.

என்ன செலவாச்சு

ஃப்ரேகே பத்தின அந்தப் புத்தகம், எழுநூறு பக்கத்துக்குக் கிட்ட, கடைசில வந்தது 1973ல. அவருக்கு அப்போ நாப்பத்தெட்டு வயசு நெருங்கிருச்சு. அதுவரைக்கும் தத்துவத்துல அவரு பேருல ஒரு பெரிய புத்தகம்கூட கெடையாது, கட்டுரைகள்தான். இன்னைக்கு இருக்கற பல்கலைக்கழக முறைல அப்பிடி ஒருத்தர விட்டு வெப்பாங்களானு சந்தேகம்தான். அவருக்கு வேலைப் பாதுகாப்பு இருந்துச்சு, 1962லேர்ந்து கணிதத் தத்துவத்துல ரீடர் பதவி, அத மறக்கக் கூடாது. காண்ட்ராக்ட்ல வேலை பாக்கற ஒரு இளம் ஆசிரியர் இவரப் பாத்து நானும் நாலு வருஷம் விடறேன்னு கிளம்பினா அடுத்த வேலை கெடைக்காது. இந்தக் கேஸ எடுத்துக்காட்டா காட்டறவங்க இத பெரும்பாலும் சொல்றதில்ல.

அந்தப் புத்தகத்தோட முன்னுரைல ஏன் இவ்ளோ லேட்டுனு அவரே எழுதிருக்காரு. தத்துவப் புத்தக முன்னுரைனா வழக்கமா நன்றி சொல்லி முடிச்சுருவாங்க, இவரு இங்கிலாந்துல இனவெறி வெளிப்படையா வளர்றதப் பாத்து அத எதிர்த்து வேலை செய்யறது தன் கடமைனு நெனச்சதையும், அதுல தோத்ததையும், அப்புறம் திரும்பி வந்ததையும் சொல்லிருக்காரு. திரும்பி வந்த வேலைய, மனுஷங்களோட சந்தோஷத்துக்கோ எதிர்காலத்துக்கோ அந்த அளவு முக்கியமில்லாத விஷயம்னே குறிப்பிடுறாரு. தன் வாழ்நாள் வேலையப் பத்தி, அதே புத்தகத்தோட முதல் பக்கங்கள்ல. அவரு அத பாவனைக்காகச் சொல்லல, நெசமாவே அப்பிடித்தான் எடை போட்டாருனு நான் நம்பறேன்.

அதே எடத்துல இன்னொண்ணும் வருது. ஃப்ரேகே 1924ல, சாகறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி எழுதின டைரில யூதர்களுக்கு எதிரா கடுமையான வெறுப்பு இருக்கு. அத மொதல்ல படிச்சப்போ டம்மட் ஆடிப் போயிட்டாரு, முழுக்க முழுக்க பகுத்தறிவால ஆன மனுஷன்னு அவரு கொண்டாடின ஆளு. இனவெறிய எதிர்த்து வருஷக்கணக்கா வேலை பாத்த ஒருத்தர் வாழ்நாள் பூரா படிச்சது ஒரு இனவெறியனோட சிந்தனையனு ஆயிருச்சு. அவரு அத மூடி மறைக்கல, ஃப்ரேகேயோட எழுத்துகளத் தொகுத்தவங்க அந்த டைரிய விட்டுட்டாங்களேனு வருத்தப்பட்டாரு, மனுஷங்களப் பத்தி அதுலேர்ந்து தெரிஞ்சுக்கிட்டது தெரிஞ்சே ஆக வேண்டிய விஷயம்னு எழுதினாரு. நல்லாச் சிந்திக்கறவன் நல்லவனா இருப்பாங்கற நம்பிக்கை அங்க ஒடஞ்சிருக்கு. "தத்துவம் படிச்சதால சேவைக்கு வந்தாரு"னு டம்மட்டப் பத்தி எழுதறவங்க மொதல்ல இந்தப் பக்கத்தப் படிக்கணும்.

பணம், நேரம் தவிர இன்னொரு செலவு ஆன் பக்கம். 1973லயே ஆங்கிலேய இனவெறியப் பத்தி அவங்க எழுதின புத்தகம் வந்துச்சு, ஒரே வீட்டுலேர்ந்து ஒரே வருஷத்துல ரெண்டு புத்தகம். ஃப்ரேகே புத்தகத்தப் பத்தி நூலகம் நூலகமா எழுதிருக்காங்க, ஆன் எழுதினது இன்னைக்கு இனவெறி ஆய்வு படிக்கறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். பின்னாடி 1984லேர்ந்து 1987 வரைக்கும் இனச் சமத்துவத்துக்காக ஆய்வு பண்ற ரன்னிமீட் டிரஸ்ட்டுக்கு இயக்குனரா இருந்தாங்க, பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்ட வரலாறு பத்தி 1990ல இன்னொருத்தரோட சேந்து ஒரு கனமான நூல் எழுதினாங்க. அவரு ஒரு கட்டத்துல தத்துவத்துக்குத் திரும்பினாரு, ஆனுக்குத் திரும்பிப் போக வேற எடம் இல்ல, இந்த வேலைதான் அவங்க வாழ்க்கை. நியாயமாப் பாத்தா இந்த ஆய்வ ஆன் பேருல எழுதிருக்கணும்னுகூட எனக்கு எழுதும்போது தோணிச்சு.

ஏன் வெளிய வந்தாரு

இந்தக் கேஸ்ல நான் ரொம்ப நேரம் யோசிச்ச எடம் இதுதான்.

கார்டு அமைப்பு 1967 கடைசில ஒடஞ்சுது. அரசாங்கம் அமைச்ச கமிட்டில போய் உக்காரலாமா வேணாமா, யாரு யாருக்காகப் பேசறது, தலைமை யாரு கையிலனு சண்டை. அடுத்த வருஷம் இன்னும் மோசம். 1968 பிப்ரவரில கென்யாவுலேர்ந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோட வந்துட்டிருந்த ஆசியர்களத் தடுக்க மூணே நாள்ல ஒரு சட்டத்தப் பாஸ் பண்ணாங்க. பாஸ்போர்ட் பிரிட்டிஷ்தான், ஆனா அவங்களோ, அப்பா அம்மாவோ, தாத்தா பாட்டியோ பிரிட்டன்ல பொறந்த மாதிரி ஒரு தொடர்பு இருக்கணும். அந்தச் சட்டத்துல இனப் பாகுபாடு இருக்குனு ஐரோப்பிய மனித உரிமை ஆணையமே 1973ல சொல்லுச்சு. 1968 ஏப்ரல் 20ம் தேதி பர்மிங்ஹாம்ல இனாக் பவல்ங்கற கன்சர்வேட்டிவ் எம்.பி. குடியேற்றத்துக்கு எதிரா பேசின பேச்சு, அதுக்கு ஆதரவா லண்டன் துறைமுகத் தொழிலாளிங்க ஊர்வலம். நாலு வருஷமா கடிதம் எழுதி, கமிட்டில பேசி, ஏர்போர்ட்டுக்கு ஓடி, அதுக்கெல்லாம் கெடைச்ச பதில் இது.

டம்மட் எடுத்த முடிவு: கறுப்பு, ஆசிய மக்கள் இந்த நாட்டு மேல வெச்ச நம்பிக்கைய இழந்துட்டாங்க, இழந்தது நியாயம்தான், இனிமே இந்தப் போராட்டத்த அவங்களேதான் நடத்தணும், நடத்துவாங்க, வெள்ளைக்காரக் கூட்டாளிக்கு இதுல ஓரத்துல நின்னு கைகுடுக்கற வேலைதான் மிச்சம். அதனால முழுநேர ஓட்டத்த நிறுத்திட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினாரு.

இத ரெண்டு விதமாவும் பாக்கலாம். களைச்சுப் போன ஒருத்தர் தனக்கு வசதியான காரணம் சொல்லிட்டு வசதியான எடத்துக்குப் போயிட்டாருனு ஒருத்தர் சொல்லலாம், இன்னொருத்தர், சேவைக்கு வர்ற பெரிய மனுஷங்க பொதுவா பண்ணாத ஒண்ண, நாற்காலிய விட்டு எந்திரிக்கறத, இவரு பண்ணாருனு சொல்லலாம். சமூக அமைப்புகள்ல கொஞ்ச நாள் இருந்தவங்களுக்குத் தெரியும், உதவ வர்ற படிச்ச ஆளு ரெண்டாவது வருஷம் செயலாளர், அஞ்சாவது வருஷம் தலைவர், பத்தாவது வருஷம் அவரு இல்லாம கூட்டமே நடக்காது, யாருக்காக அமைப்பு வந்துச்சோ அவங்க பின்பெஞ்சுல. அத நெனச்சா டம்மட் முடிவு பெருசு.

நான் ரெண்டாவது பக்கம்தான், ஆனா அதுக்குக் காரணம் அவரு சொன்ன வாதம் மட்டும் இல்ல, அப்புறம் அவரு நடந்துக்கிட்ட விதம். நான் கைகுடுக்கறேன்னு சொல்லிட்டுக் காணாமப் போறவங்க நெறைய. இவரக் கூப்பிட்டப்போ வந்தாரு, குடியேறிகள் கவுன்சில் தலைவர் பொறுப்பு 1970ல வந்தப்போ ஏத்துக்கிட்டு அடுத்த வருஷம் விட்டுட்டாரு. பெரிய அழைப்பு வந்தது 1979ல.

சவுத்தால், 1979

1979 ஏப்ரல் 23. தேர்தலுக்குச் சில நாள்தான் இருக்கு. நேஷனல் ஃப்ரண்ட்ங்கற இனவெறிக் கட்சி சவுத்தால் டவுன் ஹால்ல கூட்டம் போட அனுமதி வாங்குச்சு, சவுத்தால்னா பெரும்பாலும் பஞ்சாபிக் குடும்பங்கள் வாழற எடம், வேணும்னே அங்க போட்டாங்க. எதிர்த்து ஜனங்க தெருவுக்கு வந்தாங்க, ஆயிரக்கணக்குல போலீஸ். அன்னைக்கு சாயங்காலம் பிளேர் பீச்ங்கற நியூசிலாந்துல பொறந்த டீச்சர், 33 வயசு, தலைல அடிபட்டு, நடுராத்திரி தாண்டினதும் ஆஸ்பத்திரில செத்தாரு. முந்நூறு பேருக்கு மேல வழக்கு, அதையும் சவுத்தால்ல நடத்தாம லண்டனோட இன்னொரு மூலைல இருக்கற பார்னெட் கோர்ட்டுல நடத்தினாங்க, சாட்சி சொல்லப் போறவன் ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு ஊரச் சுத்திப் போகணும்.

பொது விசாரணை வேணும்னு கேட்டதுக்கு அரசாங்கம் மாட்டேன்னுருச்சு. அதனால சிவில் உரிமைகளுக்கான தேசிய கவுன்சில் தானே ஒரு கமிட்டி அமைச்சுது, அதிகாரபூர்வமில்லாத விசாரணைக் கமிட்டி, அதுக்குத் தலைவர் டம்மட். அந்த வருஷம்தான் அவரு ஆக்ஸ்ஃபோர்ட்ல தர்க்கவியலுக்கான விக்கம் பேராசிரியர்ங்கற பதவிக்கு வர்றாரு, தத்துவ உலகத்துல அதவிடப் பெரிய நாற்காலி கொஞ்சம்தான். புதுப் பதவி, புது வேலை, அதோட இதையும் எடுத்துக்கிட்டாரு.

இங்கதான் படிப்பும் பதவியும் நெசமாவே தேவைப்பட்டுச்சு. இந்த மாதிரி கமிட்டிக்கு யாரையும் சம்மன் அனுப்பிக் கூப்பிட அதிகாரம் கெடையாது, வந்து சொல்றவங்க சொல்றத வெச்சுதான் எழுதணும். நூத்துக்கணக்கான ஆளுங்க, ஒவ்வொருத்தரும் ஒரு தெருமுனைலேர்ந்து ஒரு அஞ்சு நிமிஷத்தப் பாத்தவங்க, ஒருத்தர் சொல்ற நேரம் இன்னொருத்தர் சொல்றதோட ஒத்துப் போகாது, பயத்துல பாத்தது, கேள்விப்பட்டது, நெனச்சுக்கிட்டது எல்லாம் கலந்து வரும். அத ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பாத்து, இது உறுதி, இது இருக்கலாம், இதச் சொல்ல ஆதாரம் பத்தாதுனு பிரிக்கணும். ஒரு எடத்துல மிகைப்படுத்தினாலும் எதிராளி அத மட்டும் புடிச்சு மொத்த அறிக்கையையும் தூக்கிப் போட்டுருவான். வருஷக்கணக்கா தர்க்கம் சொல்லிக் குடுத்த ஆளுக்கு இது ஏத்த வேலை. சவுத்தால் சம்பவம் பத்தின அறிக்கை 1980லயும், பிளேர் பீச் சாவு பத்தின அறிக்கை அதுக்கடுத்தும் வந்துச்சு.

அதே 1980ல மரண விசாரணைல ஜூரி குடுத்த தீர்ப்பு, தற்செயலா நேர்ந்த சாவுனு. போலீஸோட உள் விசாரணை அறிக்கை ஒண்ணு அப்பவே எழுதி முடிச்சு பூட்டி வெச்சிருந்தாங்க. பீச் செத்து 31 வருஷம் கழிச்சு, 2010 ஏப்ரல்ல, அத வெளியிட்டாங்க. பீச்ச அடிச்சது பெரும்பாலும் ஒரு போலீஸ்காரர்தான்னு அதுல இருந்துச்சு. யாரு மேலயும் வழக்கு இல்ல. டம்மட்டுக்கு அப்போ 84 வயசு.

கடைசில எழுதின கொள்கை

1999ல அவருக்கு சர் பட்டம் குடுத்தப்போ தத்துவத்துக்கும் இன நீதிக்கும் ஆற்றின பணிக்காகனு ரெண்டையும் சேத்தே குறிப்பிட்டாங்க. 2001ல, 76 வயசு வாக்குல, குடியேற்றமும் அகதிகளும்ங்கற விஷயத்தப் பத்தி ஒரு சின்னப் புத்தகம் எழுதினாரு. முதல் பாதில கொள்கை, அடுத்த பாதில பிரிட்டன்ல நடந்த வரலாறு. ஹீத்ரோவுக்கு ஓட ஆரம்பிச்சு முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு கொள்கைய எழுதறாரு, கொள்கை ரெடியானப்புறம் வேலைய ஆரம்பிக்கலாம்னு இருந்திருந்தா அத்தனை பசங்களும் ஃப்ளைட் ஏறிருப்பாங்க.

அவரு வாதம் நேரானது. ஒரு மனுஷன் ஒரு நாட்டுக்குள்ள வர நெனச்சா, அவன ஏன் விடணும்னு அவன் நிரூபிக்க வேண்டியதில்ல, ஏன் விடமாட்டேங்கறத நாடுதான் நிரூபிக்கணும். எல்லை பொதுவா திறந்து இருக்கணும். விதிவிலக்கு ரெண்டுதான்: தாங்க முடியாத அளவுக்கு மக்கள்தொகை நெருக்கடி வர்ற நெலமை, இன்னொண்ணு வந்து சேர்றவங்களால அங்க வாழற மக்களோட பண்பாடே மூழ்கிப் போற அபாயம். இந்த ரெண்டும் ரொம்ப அபூர்வம்னும், பணக்கார நாடுகள் சும்மா இதச் சொல்லிப் பயமுறுத்துதுனும் அவரே சொல்றாரு.

தமிழ்ல இதப் படிக்கறவங்களுக்கு இந்தப் பேச்சு தூரத்து விஷயம் இல்ல. 1985ல பிரிட்டன் காமன்வெல்த் நாடுகள்லயே முதல்ல விசா கட்டாயமாக்கினது இலங்கைக்குத்தான், 83க்கு அப்புறம் தப்பிச்சு ஓடி வந்த தமிழர்கள நிறுத்தறதுக்கு. 1987 பிப்ரவரில ஹீத்ரோவுல திருப்பி அனுப்பப் போன தமிழ் அகதிங்க விமானத்துல ஏற மாட்டோம்னு ஓடுபாதை ஓரத்துலயே சட்டையக் கழட்டிட்டு நின்னாங்க. அந்த வருஷமே சரியான பேப்பர் இல்லாத ஆள ஏத்திட்டு வந்தா விமானக் கம்பெனிக்குத் தலைக்கு 1,000 பவுன் அபராதம்னு சட்டம் வந்துச்சு. அதாவது முடிவு எடுக்கற எடத்த ஹீத்ரோ கவுண்டர்லேர்ந்து கொழும்பு, சென்னை ஏர்போர்ட் செக்-இன் கவுண்டருக்கே தள்ளிட்டாங்க, அங்க எந்தப் பேராசிரியரும் கார எடுத்துட்டு வந்து வாதாட முடியாது.

அதனாலதான் அவரோட ரெண்டாவது விதிவிலக்கு எனக்கு ஒத்து வரல. பண்பாடு மூழ்கிப் போகும்ங்கற பயத்த அவரு நெனச்சது திபெத் மாதிரி ஒரு பெரிய அரசு வேணும்னே ஆளக் குடியேத்தற எடங்களுக்கு, அது நியாயமான கவலைதான். ஆனா அந்தக் கதவ ஒரு விரக்கடை திறந்து வெச்சா அதுல மொதல்ல கைய விடறது பவல் மாதிரி ஆளுங்கதான், 1968லயும் அவங்க சொன்னது இதே பயத்ததானே. அரசே திட்டம் போட்டுக் குடியேத்தறதையும், உசுரக் கைல புடிச்சுட்டு ஒரு குடும்பம் வந்து நிக்கறதையும் ஒரே விதில அடக்காம ரெண்டா பிரிச்சு எழுதிருக்கலாம். கவுண்டர் முன்னாடி நின்னு ஆபீசர்ங்க விதிய எப்பிடி வளைக்கறாங்கனு அவ்ளோ பாத்த மனுஷன் இந்த ஒரு விதிய மட்டும் எப்பிடி இவ்ளோ நம்பி எழுதினாருனு எனக்கு இன்னும் புரியல.